பட்டறைக்குப் பொறுப்பு யாரு?

ஒரே ஒரு கையெழுத்து வாங்கிட்டு வரணும். அன்னிக்கு எனக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

தொண்ணூறுகள்ல நடந்தது. பூதலூர் பக்கம் எங்க ஊர் விவசாயிங்க சேர்ந்து ஒரு பொதுப் பட்டறை ஆரம்பிச்சோம். கலப்பைக் கொழு உடைஞ்சா தஞ்சாவூருக்குத் தூக்கிட்டு ஓட வேண்டாம், வெல்டிங் மெஷினும் கிரைண்டரும் வாங்கிப் போட்டு நாமளே பாத்துக்கலாம்னு திட்டம். மீட்டிங்குக்கு லேட்டாப் போன ஒரே ஆளுங்கிறதால என்னைச் செயலாளர் ஆக்கிட்டாங்க.

எடம், ஒரு பழைய நெல்லு குடோன். அது யாருதுங்கிறதுலதான் சிக்கல். அண்ணன் சாமிநாதன் என்னுதுங்கிறாரு. தம்பி தங்கராசு என்னுதுங்கிறாரு. பதினோரு வருஷமா கோர்ட்டுல கேஸு. பேச்சு வார்த்தை கிடையாது. ஆனா பட்டறைக்கு எடம் கேட்டப்ப ரெண்டு பேருமே தனித்தனியா, "நம்ம எடந்தான், தாராளமா நடத்துங்க"ன்னு சொல்லிட்டாங்க.

கரண்ட் கனெக்‌ஷனுக்கு ஒரு பேப்பர் கேட்டாங்க. எடத்துக்காரர் சம்மதக் கையெழுத்து, கீழ வி.ஏ.ஓ. சீல்.

முதல்ல அண்ணன் வீட்டுக்குப் போனேன். காபி குடுத்தாரு. அந்தக் குடோனை அவங்க அப்பா தனக்குன்னு சொல்லிக் குடுத்த கதையை முழுசாச் சொல்லிட்டு, பேனாவைத் திறந்தாரு.

நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். படிச்சவன் இல்லையா. "மாமா, ரெண்டாவது பாராவையும் பாத்துக்குங்க"ன்னேன்.

விபத்துல யாருக்காவது கை, கால், விரல் போனா எடத்தின் உரிமையாளரே பொறுப்புன்னு இருந்துச்சு.

பேனாவை மூடிட்டாரு. "மாப்ள, கேஸு நடக்கும்போது நான் கையெழுத்துப் போடுறது முறையில்ல. நியாயமாப் பாத்தா அது என் தம்பி எடம்."

தம்பி வீட்டுக்கு ஓடினேன். அவரு ரெண்டாவது பாராவை முதல்லயே படிச்சுட்டாரு. மூத்தவர் இருக்கும்போது தனக்கு என்ன உரிமைன்னு கேட்டாரு. கேக்கும்போது கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

அப்பத்தான் எனக்கு அந்த அபார யோசனை வந்தது. "உங்க எடம் இல்லன்னாவது எழுதிக் குடுங்க"ன்னேன். சந்தோஷமா எழுதிக் குடுத்தாரு. திரும்பப் போய்க் கேட்டதும் அண்ணனும் எழுதிட்டாரு. அவரு கூடுதலா கைரேகையும் வச்சாரு.

ரெண்டு கடுதாசியையும் எடுத்துக்கிட்டு, சாதிச்ச பெருமையோட வி.ஏ.ஓ. ஆபீஸுக்குப் போனேன். அப்பதான் ஆட்சி மாறின நேரம். சுவத்துல பழைய படத்தை எடுத்துட்டாங்க, புதுசு வரல, ஆணி மட்டும் இருந்துச்சு.

வி.ஏ.ஓ. ரெண்டையும் நிதானமாப் படிச்சாரு.

"ரெண்டு பேருக்கும் வேணாமா? நல்லதாப் போச்சு. சர்க்கார் எடம்னு மேல எழுதிப் போட்டுடலாம்ங்க."

பதினோரு வருஷக் கேஸை அரை நாள்ல முடிச்சு, ரெண்டு குடும்பத்துச் சொத்தையும் காணாமப் போக்கிட்டேன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு ஊருக்குள்ள போறதுன்னு அங்கயே பெஞ்சுல உக்காந்துட்டேன்.

ஆனா சேதி எனக்கு முன்னாடி ஊருக்குப் போயிடுச்சு. அரை மணி நேரத்துல வாசல்ல ஒரு மொபெட் வந்து நின்னுச்சு. தம்பி ஓட்டுறாரு. பின்னாடி அண்ணன், தம்பி தோளைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு.

வி.ஏ.ஓ. சிரிச்சுக்கிட்டே கடுதாசிகளைத் திருப்பிக் குடுத்துட்டாரு. ரெண்டு பேரும் ஆளுக்கொண்ணாக் கிழிச்சாங்க. அப்புறம் ஒரே பெஞ்சுல உக்காந்து ரகசியமாப் பேசினாங்க. அண்ணன் சொல்லச் சொல்லத் தம்பி எழுதினாரு. சம்மதம்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாங்க. ரெண்டாவது பாராவை மட்டும் அடிச்சுட்டு, மேல திருத்தியிருந்தாங்க: 'விபத்து எதுவானாலும் பட்டறைச் செயலாளரே முழுப் பொறுப்பு.'

"பொறுப்பான புள்ள நீ"ன்னாரு அண்ணன். தம்பி ஆமான்னு தலையாட்டினாரு. அண்ணன் சொன்னதுக்கு அவரு தலையாட்டி எத்தனை வருஷமாச்சோ, அந்த நெகிழ்ச்சியில நானும் கையெழுத்துப் போட்டுத் தொலைச்சேன்.

திறப்பு விழாவுல பாதுகாப்பைப் பத்தி நான்தான் பேசினேன். கண்ணாடி போடாம கிரைண்டர் கிட்ட போகாதீங்க, செருப்போட வெல்டிங் பண்ணாதீங்கன்னு பின்னாடி திரும்பிச் சொல்லிட்டு, வேகமா உள்ள நுழைஞ்சேன். ஷட்டரை யாரோ பாதிதான் ஏத்தியிருந்தாங்க.

நெத்தியில மூணு தையல்.

விபத்துப் பதிவேட்டை நானே திறந்து வச்சேன். பாதிக்கப்பட்டவர்ங்கிற எடத்துல என் பேரு. பொறுப்பாளிங்கிற எடத்துலயும் என் பேரு.

ரெண்டு பேரும் கலந்து பேசி, கோர்ட்டுக்குப் போகாம சமாதானமாப் போயிட்டோம்.