இரைச்சல் வேட்டை

இரைச்சல் வேட்டைக்காரர் என்றொரு இனம் உண்டு. பார்த்திருக்கிறீர்களா? கூரையில் கம்பி கட்டி, கடல் தாண்டி இருப்பவரோடு வானொலியில் பேசுவதே பொழுதுபோக்கு என்று திரியும் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் இந்த இனம்தான். அக்கம்பக்கத்து மின்சாதனம் ஏதோ கிளப்பும் கொர்ரென்ற சத்தம் வானொலிப் பெட்டியில் கேட்டால் போதும், ஊரில் யார்மேல் வேண்டுமானாலும் சந்தேகப்படுவோம். எங்களைத் தவிர.

நெதர்லாந்தின் ஸுட்ஃபன் ஊரில், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடொன்றில் இருக்கும் கெர்லோஃபையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபாரோ தீவிலிருக்கும் யோக்வானோடு முப்பது வருஷமாக ஞாயிறு காலை பத்து மணிக்குப் பேசுகிறவர். நேரில் பார்த்ததே கிடையாது. அந்த யோக்வான் முதியோர் குடியிருப்புக்குப் போகிறார், அங்கே ஏரியல் கட்ட அனுமதி இல்லை, இந்த ஞாயிறுதான் கடைசிப் பேச்சு என்று இரண்டு மாதம் முன்பே சொல்லிவிட்டார். இந்த நேரம் பார்த்தா இரைச்சல் வந்து தொலைய வேண்டும்? ஏழு வாரமாக யோக்வான் பேசுவதில் பத்து வார்த்தைக்கு ஒன்றுகூடத் தேறவில்லை.

சும்மா இருப்பாரா மனுஷன்? நோட்டுப் போட்டு, இரைச்சல் வந்த நாள், மணி, நிமிஷம் எல்லாம் எழுதினார். எழுதிய கையோடு நோட்டை மேசையில் அப்படியே போட்டுவிட்டு, சின்ன வானொலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தார். பக்கத்து வீட்டுச் சுவரை நெருங்க நெருங்கச் சத்தம் கூடியது. போதாதா? அந்த வீட்டு புர்ஹோஃப் அம்மாவிடம் மீன்தொட்டி விளக்கை அணைக்கச் சொன்னார், பிரிட்ஜை அணைக்கச் சொன்னார், சைக்கிள் சார்ஜரைப் பிடுங்கச் சொன்னார். முதல் தடவை அந்த அம்மா காபியும் ஒரு பிஸ்கட்டும் கொடுத்தார். மூன்றாம் தடவை காபி மட்டும். ஐந்தாம் தடவை ஜன்னல் வழியாகத்தான் பேச்சு.

"இன்னும் எதைங்க அணைக்கணும்? நான் மூச்சு விடுறதையா?"

ஞாயிறு வந்தது. பத்தடிக்கப் பத்து நிமிஷம். கெர்லோஃப் மனைவி ஹில்ட்யேயிடம் நோட்டை நீட்டினார்.

"பாரு, நான் இங்க உட்காரும்போது மட்டும்தான் சத்தம். அந்தம்மா என்னைக் கவனிச்சு வேணும்னே பண்ணுது."

"உட்கார்ந்ததும் முதல்ல என்ன பண்ணுவ?"

"லைட்டைப் போடுவேன். நோட்டு எழுத வேணாமா?"

ஹில்ட்யே எட்டி மேசை விளக்கை அணைத்தாள். இரைச்சல் நின்றது. ஏழு வாரத்துக்கு முன் அவரே ஆசையாக வாங்கி வந்த விளக்கு அது. வேட்டைக்குக் கிளம்பும்போது ஒரு நாளும் அதை அணைத்ததில்லை. புர்ஹோஃப் அம்மாவின் சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பது அவருடைய மேசைதான்.

வெட்கத்தில் காது சிவந்தாலும், சரியாகப் பத்து மணிக்கு யோக்வானின் குரல் பளிச்சென்று வந்ததும் எல்லாம் மறந்துபோனது.

"டேய் யோக்வான், ஏழு வாரமா நீ சொன்னது ஒண்ணுமே காதுல விழலடா."

"எனக்கு நீ பேசினது எல்லாமே கேட்டுச்சு," என்றார் யோக்வான். "வாராவாரம் மீன்தொட்டியைப் பத்தியே பேசின. நானும் வாராவாரம் ஒண்ணையேதான் கேட்டேன். வீட்டைக் காலி பண்றதுக்குள்ள ஒரு தடவை வந்துட்டுப் போடா, ரூம் ரெடியா இருக்குன்னேன். நீ பதிலே சொல்லல. நாளைக்குக் காலையில வீட்டுச் சாவியைக் கொடுத்துடுறேன்."

அத்தனை சுத்தமான அமைதியில் கெர்லோஃப், அணைந்திருந்த விளக்கின் பிளக்கையும் பிடுங்கிப் போட்டார்.

இதைப் படிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த யாராவது ஒருவர் ஞாபகத்துக்கு வந்தாரா? 'அட, இது அப்படியே அந்த ஆளேதான்' என்று தோன்றியதா? அப்படியானால் வாருங்கள், நீங்களும் எங்கள் கூட்டம்தான்.