அப்பாவின் சுற்றறிக்கையும் அப்பாவின் பிரஷரும்

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் ஆசை. நீங்கள் உண்மையை மட்டும் எழுதச் சொன்னதால், முக்கால்வாசி நலம்.

செவ்வாய்க்கிழமை பல்கலைக்கழகத்தில் அப்பா பாடம் எடுக்க வகுப்புக்குப் போகும் படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். "வெயில்ம்மா, வேற ஒண்ணுமில்ல" என்றார். அன்று மழை. பல்கலைக்கழகத்துக்குள்ளேயே மருத்துவ மையம் இருந்தும், பதினெட்டு வருடமாக அவர் அதன் வாசலை மிதித்ததில்லை. பரீட்சைக்குப் பயந்தவர்களுக்குச் சான்றிதழ் கொடுப்பதைத் தவிர அங்கே ஒன்றும் நடப்பதில்லை என்பது அவர் கட்சி. வேறு என்னதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாளாக ஆசை. "அத்தைக்கு போன் பண்ணட்டுமா?" என்றேன். மறுநாள் காலையில் தானாகச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

நானும் கூடப் போனேன். மையத்தின் உள்ளே நீள பெஞ்சில் பதினொரு மாணவர்கள் வயிற்றைப் பிடித்தபடி சாய்ந்திருந்தார்கள். பத்து மணிக்கு அப்பாவின் பாடத்தில் தேர்வு. அவரைக் கண்டதும் "இப்ப பரவாயில்ல சார்", "வலி போயே போச்சு சார்" என்று ஒவ்வொருவராக எழுந்து நழுவ, டாக்டரம்மா எட்டிப் பார்த்து, "என் மாத்திரைகூட இவ்வளவு சீக்கிரம் கேக்காது சார், பரீட்சை அன்னிக்கெல்லாம் வந்து உக்காருங்க" என்றார். ஒரு அக்கா மட்டும் எழவில்லை. "மன்னிச்சிருங்க சார், எந்திரிக்க முடியல." அவருக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். அப்பா மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

பிறகு பிரஷர் பார்க்க அப்பா கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார்கள். நூற்றுத் தொண்ணூறு! "மூணு நாள் படுக்கை. இதோட எப்படி நடந்து வந்தீங்க?" என்று டாக்டரம்மா அதட்டினார். "அப்ப லீவுக்கு ஒரு சான்றிதழ்..." என்று அப்பா இழுத்தார். டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டுச் சுவரில் அன்று காலைதான் ஒட்டிய சுற்றறிக்கையைக் காட்டினார். 'மாணவராயினும் ஊழியராயினும் இம்மையத்தின் சான்றிதழ் விடுப்புக்கு ஏற்கப்படமாட்டாது.' கீழே தேர்வுக் குழுத் தலைவர் என்று அப்பாவின் கையெழுத்து. "அப்போ நீங்க நோயாளியா, இல்லையாப்பா?" என்று நான் கேட்டேன், தெரிந்துகொள்ளத்தான். காய்ச்சல் அக்கா சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார். அப்பா சுவரிலிருந்து அதைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "முதல்ல அந்தப் பொண்ணுக்கு எழுதிக் குடுங்க" என்றார்.

இப்போது அப்பா வீட்டில் படுக்கையில். அம்மா வேலைக்குப் போயிருப்பதால் நான்தான் காவல். நூலகத்திலிருந்து இதயத்தைப் பற்றி ஒரு தடிப்புத்தகம் எடுத்து வந்திருக்கிறேன். நாடி பார்க்கிறேன், கனவு காணும்போது பிரஷர் ஏறுமா என்று விசாரிக்கிறேன், பதிலைக் குறித்துக்கொள்கிறேன். ஒரு மணி நேரமாக அறையில் சத்தமே இல்லை, அயர்ந்து தூங்குகிறார். ஆகவே நீங்கள் கவலைப்பட்டு பஸ் ஏற வேண்டாம்.

மாமாவுக்கு என் வணக்கம், குட்டிப் பாப்பாவுக்கு இரண்டு முத்தம்.

தங்கள் அன்பு மருமகள்

பி.கு.: உறையை ஒட்டும்போது டாக்டரம்மா போன் செய்தார். "உங்கப்பா இங்க ரெண்டாவது கட்டில்ல குறட்டை விடறார் கண்ணு. கால் மணிக்கு ஒரு கேள்வி கேக்கிறியாமே? இங்க வந்து படுத்ததும் நூத்தி நாப்பதுக்கு எறங்கிடுச்சு." ஓடிப்போய்ப் பார்த்தேன், போர்வைக்குள் தலையணைதான் இருந்தது. அத்தை, மேலே வர வேண்டாம் என்று எழுதியதை மறந்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே வாருங்கள். இன்னும் பதினேழு கேள்விகள் பாக்கி இருக்கின்றன, பதில் சொல்ல வீட்டில் ஒருவருமில்லை.