எங்கள் வீட்டைப் பெருக்கித் தள்ளிய லிஸ்ப்

தனியாக இருக்கிறவனுக்கு ஏதாவது ஒன்று பிடித்தே தீரும். சிலருக்குக் குடி, சிலருக்குப் பக்தி. எனக்கு லிஸ்ப் பிடித்தது. (அதற்கு மருந்து கிடையாது.)

அப்பா இறந்த வருடம். சென்னை வேலையை விட்டுவிட்டுக் குமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். கூடப் படித்தவர்கள் எல்லோரும் வளைகுடாவில். அம்மாவும் நானும் எதையும் அப்பா வழியாகவே பேசிப் பழகியவர்கள். அவர் போனதும் வீட்டில் பேச்சே நின்றுவிட்டது. அவருடைய கைப்பேசி மேசையில் கிடந்தது. யாரும் அதை அழைப்பதில்லை. என் கணினியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு குட்டி லிஸ்ப் இன்டர்பிரெட்டரை அதில் ஓடவைக்க உட்கார்ந்தேன்.

லிஸ்ப் ஒரு கணினி மொழி. எல்லாவற்றையும் அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும் (எனக்கு ஏன் ஒத்துப்போனது என்று இப்போது தெரிந்திருக்கும்). எழுதியதைப் படித்து அதன்படி நடப்பது இன்டர்பிரெட்டரின் வேலை. நினைவகம் நிரம்பியதும் அது ஒரு சுற்று வந்து குப்பை அள்ளும். யாராவது பிடித்திருக்கும் பொருள் தங்கும். யாரும் பிடிக்காதது குப்பை. இது புரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னை யார் பிடித்திருக்கிறார்கள் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பரில் எங்கள் சர்ச் சபையின் வாலிபர் சங்கச் செயலாளர் ஜெபராஜ் வந்தான். கேரல் என்கிற கிறிஸ்மஸ் பாட்டுப் பாட எந்த வரிசையில் வீடுகளுக்குப் போவது என்பதில் வருடாவருடம் சண்டையாம்.

"மக்கா, நீ கம்ப்யூட்டர்ல போட்டுத் தருவியா?"

ஊரில் ஒருவன் என்னைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை. ஒரு காகிதத்தில் முடிகிற வேலையை அப்பாவின் கைப்பேசியில், லிஸ்ப்பில் செய்தேன். வீடுகளை உள்ளிட்டால் வரிசையை அதுவே போடும்; மரியாதை கருதி எங்கள் வீட்டைக் கடைசியாக உள்ளிட்டேன். வந்ததை அப்படியே அனுப்பிவிட்டேன். (சரிபார்ப்பதா? நான் எழுதியதையா?)

அம்மா அந்த வருடம் ஒரு தெருவுக்கே காணும் அளவுக்கு முந்திரிக்கொத்துப் பலகாரம் சுட்டிருந்தாள். துக்க வீடு என்று விலக்கிவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம்.

"வந்து பாடிட்டுப் போட்டும். அப்பா இல்லேன்னா வீடும் இல்லேன்னு ஆயிருமா?"

கேரல் நாளன்று சாயங்காலம் டிரம் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டில் பாடினார்கள். பிறகு எங்கள் நடையைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்ப் பாடினார்கள். அம்மா தட்டோடு வாசலில் நின்றாள்.

"ஏலே, போறாவளே."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். திருப்பத்தில் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"நீ தந்ததுல உங்க வீடு இல்ல மக்கா," என்றான் ஜெபராஜ். "துக்க வீடுல்லா, வேண்டாம்னு நீயே விட்டியாக்கும்னு நெனச்சோம்."

எனக்கு அந்த நொடியே பிழை புரிந்துவிட்டது. கடைசியாக எடுத்த பொருளான எங்கள் வீடு கைப்பேசியின் ரெஜிஸ்டரில், அதாவது அதன் உள்ளங்கையில், இருந்திருக்கிறது. என் கணினிக்காக எழுதிய குப்பைக்காரனுக்கு அந்த இடத்தைப் பார்க்கத் தெரியாது; யாரும் பிடிக்கவில்லை என்று அள்ளிவிட்டான். வேனைப் பிடித்துக்கொண்டு இதை விளக்கினேன். உற்சாகமாக, படம் வரைந்து காட்டாத குறையாக விளக்கினேன். தலையணை வயிற்றோடு நின்ற கிறிஸ்மஸ் தாத்தா முகமூடியைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"பாவம். அப்பா போனதுல இருந்தே இப்பிடித்தான்," என்றார் பக்கத்தில் இருந்தவரிடம்.

வேன் போய்விட்டது. வீட்டுக்கு வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் வந்திருப்பார்கள். அதை மட்டும் நான் சொல்லவில்லை.

திரும்பி வந்து நடந்ததைச் சொன்னேன். அம்மா தட்டைக் கீழே வைத்தாள்.

"அப்போ நீ பாடு."

"எனக்குப் பாட வராதும்மா."

"அவியளுக்கு மட்டும் வருமா?" என்று என்னை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினாள்.

எங்கள் வீட்டு வாசலில், தன்னந்தனியாக, முழுப் பாட்டும் பாடினேன். இரண்டாம் சரணத்தில் பக்கத்து வீட்டு நாயும் சேர்ந்துகொண்டது. அம்மா கதவைத் திறந்து, "வாங்க, இருங்க," என்று விருந்தாளியை அழைப்பதுபோல அழைத்து முந்திரிக்கொத்து தந்தாள். அதைக் கடிக்க முடியாமல் அழுதேன். (பாகு முறுகியிருந்தது என்பது என் கட்சி.) அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பச் சொல்லு. அந்தக் குப்பைக்க கத என்னது?"

முழுக்கச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

பிழை ஒரு வரியில் தீர்ந்தது. கேரல்காரர்களும் இப்போது தவறாமல் வருகிறார்கள். ஆனால் அவர்கள் வருவதற்கு முன்னால் நான் வெளியே நின்று பாடியாக வேண்டும். பிறகு வந்த என் மனைவிதான் தாழ்ப்பாள் போடுகிறாள். சாப்பாடு முடிந்து பாத்திரம் எடுக்கும்போது அம்மா இன்றும் சுற்றிப் பார்த்துக் கேட்பாள்:

"யாராவது புடிச்சிருக்கியளா? நான் அள்ளப் போறேன்."

எல்லோரும் சிரிப்பார்கள். நான் மட்டும் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன்.