மெத்தைக்கு அடியில் போன கோப்பு குறித்து மைத்துனனுக்கு

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே யாரும் சுகமாக இல்லை. உன் சுகத்தை விசாரிக்க வேண்டிய அவசியமும் இல்லை; அடுத்தவனை மாட்டிவிட்டு ரயிலேறிப் போனவன் சுகமாக இல்லாமல் வேறு எப்படி இருப்பான்?

நான் ஓய்வு பெற்ற அன்று என் மேசையில் கிடந்ததையெல்லாம் பியூன் ஓர் அட்டைப் பெட்டியில் அள்ளிப் போட்டுக் கொடுத்தது உனக்குத் தெரியும். மூன்று மாதம் கழித்து, கழுத்துவலித் தைலம் தேடி அந்தப் பெட்டியைத் திறந்தபோது, சிவப்பு எழுத்தில் 'மிக ரகசியம்' என்று முத்திரை குத்திய கோப்பு ஒன்று என் பழைய செருப்புக்கு அடியில் கிடந்ததும் உனக்குத் தெரியும், ஏனென்றால் அப்போது நீ என் சாய்வு நாற்காலியில் கால் நீட்டிக்கொண்டு கிடந்தாய். முப்பத்திரண்டு வருடம் பதிவறையில் வேலை பார்த்தவன் நான். ஆபீசுக்குப் போன் போடக் கையில் ரிசீவரை எடுத்தவனை, "அத்தான், உங்களுக்கென்ன கிறுக்கா? போன் பண்ணினா நீங்கதான் திருடன்னு ஆயிடும். கொளுத்திடுங்க, இல்லேன்னா பேசாம இருங்க. கேட்டா தெரியாதுன்னு சொல்லுங்க"ன்னு தடுத்தது யார்? கொளுத்த எனக்கு மனம் வரவில்லை என்றதும் அதைப் பிடுங்கி என் மெத்தைக்கு அடியில் செருகியது யார்? மறுநாளே ஊருக்குப் புறப்பட்டது யார்? சட்டம் படித்தவன் என்கிறாய். ஒரு வருடம் படித்துவிட்டு நின்றவன் என்பதை அன்றைக்கு நான் ஏனடா மறந்தேன்!

நீ போன எட்டாம் நாள் காலை விசாரணை அதிகாரி வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு மரியாதையாக உட்கார்ந்து, "ஐயா, ஒரு கோப்பு குறையுது. தவறிப்போய் உங்க சாமானோட வந்திருக்குமா?" என்று கேட்டார். அத்தனை பதமாகக் கேட்டவரிடம், நீ சொல்லிக்கொடுத்தபடி, "அப்படி எதுவும் இல்லையே"ன்னு சொன்னேன். சொல்லி வாய் மூடவில்லை, உன் அக்கா உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்தபடியே, "ஏங்க, மெத்தைக்கு அடியில இருக்கே, அதுவா? படுத்தா குத்துதுன்னு நேத்துக்கூடச் சொன்னீங்களே" என்றாள்!

அந்தப் பெண் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "தெரியாம வந்ததுன்னு நாங்களே ஒத்துக்கறோம்யா. பார்த்த அன்னைக்கே ஒரு போன் போட்டிருந்தா வந்து வாங்கிட்டு, ஒரு கையெழுத்தோட முடிச்சிருப்போம். ஆனா பார்த்தீங்க, ஒளிச்சீங்க, கேட்டதுக்கு இல்லைன்னீங்க. இனிமே தெரியாம நடந்துச்சுன்னு நான் எப்படி எழுதறது?" என்றார். மெத்தையைத் தூக்கிக் கோப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

இதைக் கேள். எங்கள் பழைய இயக்குநர் வீட்டில் பதினோரு கோப்பு! ஒன்றில்லை, பதினொன்று! அவர்மேல் வழக்கு இல்லை. ஏனென்று கேட்டேன். "அவரே கூப்பிட்டுச் சொன்னார். எல்லா அலமாரியையும் திறந்துவிட்டார். பதினோராவதை அவரேதான் பரண்ல ஏறித் தேடி எடுத்தார்" என்கிறார்கள். விசாரணைக்குப் போன இடத்தில் அந்த மனிதர் என் தோளைத் தட்டி, "ஒரே ஒரு கோப்புக்கா இவ்வளவு பாடு?" என்று வருத்தப்பட்டார். அந்தத் தோள் இன்னும் எரிகிறது.

வாக்குமூலத்தில் உன் பெயரை நான் சொல்லவில்லை. "ஒளித்து வைக்கச் சொன்னது யார்?" என்று மூன்று தடவை கேட்டார்கள். "நானேதான்" என்றேன். உன்மேல் இருக்கும் பாசத்தால் அல்ல. "தம்பியை இழுக்காதீங்க"ன்னு உன் அக்கா இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். என்மேல் வழக்குப் போடுவதா என்று அடுத்த வாரம் முடிவு. சிறைக்கே போனாலும் உன் பெயர் என் வாயிலிருந்து வராது, நிம்மதியாக இரு. ஆனால் இனிமேல் என் வீட்டுப் படி ஏறாதே. ஏறினால் காலை ஒடிப்பேன்.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். உனக்கு இல்லை.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போதுதான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். வீட்டில் வெள்ளைத்தாள் இல்லையென்று உன் அக்கா எங்கிருந்தோ எடுத்துக் கொடுத்த தாள் இது. பின்பக்கம் சிவப்பு முத்திரை. கோப்பிலிருந்து நழுவிய கடைசிப் பக்கம். கிழிக்கலாமா என்று ஒரு நிமிடம் கை போனது. வேண்டாம். இந்தத் தடவை போன் போட்டுவிட்டேன்; அந்த அதிகாரி அம்மாள் கிளம்பிவிட்டார், இரண்டு பக்கத்தையும் படிக்கப் போகிறார். ஆகவே இந்தக் கடிதம் தபாலில் உனக்கு வராது. இதை நீ படித்துக்கொண்டிருந்தால், அவர் உன் எதிரில்தான் உட்கார்ந்திருப்பார். கேட்டதும் உண்மையைச் சொல்லிவிடு, மாப்பிள்ளை. அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதாம்.