ஒரே ஒருவருக்கு ஒற்றுமைப் பயிற்சி

முதலில் ஒரு விடுகதை. மூன்று பேர் வரிசையாகக் கைகோத்து நிற்கிறார்கள். வெயிலோ மழையோ, பிடித்த கையை விடுவதில்லை. சிரித்த வாயை மூடுவதில்லை. ஆனால் பக்கத்தில் நிற்பவருக்கு என்ன பெயர் என்று மூவரில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டதும் இல்லை. யார் இவர்கள்?

யோசித்துக்கொண்டிருங்கள். விடை தெரிந்தால் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிவிடாதீர்கள். கதையின் நடுவில் அது தானாகவே வந்து நிற்கும்.

மட்டக்களப்பில், வாவிக்கரையோடு ஒட்டி ஒரு பள்ளிக்கூடம். அங்கே பதினெட்டு வருடமாகச் சித்திரம் படிப்பிப்பவர் ஜக்குலின் டீச்சர். அந்தப் பள்ளிக்கூடத்தில் கணிதத்துக்கு அறை உண்டு, விஞ்ஞானத்துக்கு அறை உண்டு, உடைந்த மேசைகளுக்குக்கூட ஓர் அறை உண்டு. சித்திரத்துக்கு உண்டானது சைக்கிள் கொட்டில். பிள்ளைகள் இரண்டு சைக்கிளுக்கு நடுவே ஒருவராகக் குந்தியிருந்து படம் கீறுவார்கள். பத்து மணிவரை ஒரு குறையும் இல்லை. பத்து மணிக்கு வாவியிலிருந்து காற்று எழும்பும். அதன்பிறகு சித்திரப் பாடம் ஓட்டப் பாடமாகிவிடும். தாள் முன்னே போகும், பிள்ளை பின்னே போகும்.

போன பள்ளித் தவணையில் ஐந்தாம் வகுப்பு இர்ஷானா கீறிய யானை அப்படித்தான் போனது. நல்ல யானை. தண்ணீரில் விழுந்து, தும்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய, புளியந்தீவுப் பக்கமாக மிதந்து போனதை முழு வகுப்பும் வரிசையாக நின்று பார்த்தது.

பள்ளிக்கூடத்தில் இன்னோர் அறையும் இருந்தது. பழைய கணினி அறை. கணினிகள் பழுதாகி வெளியேறி ஐந்து வருடம். கதவு, ஜன்னல், மின்விசிறி எல்லாம் அப்படியே இருந்தன. பூட்டும் இருந்தது. சாவி மட்டும் பாதுகாப்பைக் கருத்திற்கொண்டு வலயக் கல்விப் பணிமனையில் இருந்தது. வெறும் அறையில் எதைப் பாதுகாக்கிறார்கள் என்று கேட்டு ஜக்குலின் டீச்சர் பதினொரு கடிதம் எழுதினார். 'தங்கள் கடிதம் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது' என்று பதினொரு பதில் வந்தது.

பன்னிரண்டாவது கடிதத்துக்குப் பதில் வேறு மாதிரி வந்தது. 'சித்திர ஆசிரியர் ஆதரவு, இனவேறுபாடு களைதல் மற்றும் வாண்மை விருத்தி நிகழ்ச்சித்திட்டம்' தொடங்கியிருக்கிறதாம். அதன் பயிற்சிச் செயலமர்வுக்குப் போய்ச் சான்றிதழ் எடுத்து, அதன் போட்டியில் ஒரு மாணவரின் படமும் தெரிவானால், அந்த ஆசிரியரின் நெடுநாள் கோரிக்கை ஒன்று முன்னுரிமை அடிப்படையில் நிறைவேற்றப்படுமாம்.

திட்டத்தின் பெயரை ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர் பணிமனையில் ஒருவர்தான் இருந்தார். உதவிக் கல்விப் பணிப்பாளர் பூபாலபிள்ளை. சித்திரத்துக்குப் பொறுப்பானவர். அவர் படித்தது விவசாயம்.

“உங்கட நாள் எது மிஸ்?” என்று கேட்டார் அவர்.

“அதைக் கேட்கத்தான் சேர் வந்தன். அறிவித்தல்ல ரெண்டு நாள்தான் கிடக்கு.”

“ஓம். திங்கள் தமிழ் ஆசிரியர்கள். செவ்வாய் முஸ்லிம் ஆசிரியர்கள்.”

“ஏன் சேர் ரெண்டாப் பிரிச்சிருக்கு?”

“இஞ்ச பாருங்க மிஸ். இனவேறுபாட்டைப் பற்றிக் கதைக்கப் போறம். ரெண்டு பகுதியையும் ஒண்டா இருத்திக் கதைச்சு, ஆராவது ஏதாவது சொல்லி, பிரச்சினை வந்தா? நிகழ்ச்சியிட நோக்கமே கெட்டுப்போயிரும்.”

“ரெண்டு பகுதியும் தமிழ்தானே சேர் கதைக்கிற?”

“அதான் மிஸ் ஆபத்து. சொல்றது விளங்கிப்போயிரும்.”

ஜக்குலின் டீச்சரின் குடும்பம் போர்த்துக்கீசர் வழிவந்தது. “நாங்க பறங்கி ஆக்கள் சேர். நான் எந்த நாள் வாற?” என்றார்.

பூபாலபிள்ளை கோப்பைப் புரட்டினார். பக்கத்து மேசையிலிருந்த எழுதுவினைஞர் ஸாலிஹா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “ஏனையோர் எண்டு ஒரு நிரல் இரிக்கு சேர். அதுக்கு நாள் போடல்ல.”

“எத்தின பேர்?”

“இவ ஒரு ஆள்தான். திங்கக்கிழமையில ஒரு கதிரையக் கூடப் போட்டாச் சரிதானே சேர்?”

“திங்கள் போட்டா, தமிழரோட சேர்த்துப்போட்டம் எண்டு வரும். செவ்வாய் போட்டா, முஸ்லிம்களோட சேர்த்துப்போட்டம் எண்டு வரும். ஒரு சமூகத்திட தனித்துவத்தை அழிக்க எனக்கு அதிகாரமில்ல ஸாலிஹா.” பேனையை எடுத்தார். “புதன்.”

வீட்டில் செய்தியைக் கேட்டதும் கணவர் பேர்டி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பாண் துண்டு விழுந்தது. “உனக்கெண்டு ஒரு முழு நாளா? கலியாணத்துக்குக்கூட எனக்கும் உனக்கும் சேர்த்து ஒரு நாள்தானே தந்தாங்க!”

புதன்கிழமை பாசிக்குடாவில், கடலைப் பார்த்த ஹோட்டல் மண்டபம். நாற்பது கதிரை. ஓர் ஒலிவாங்கி. 'நாம் அனைவரும் ஒன்று' என்ற பதாகை. அன்றைய தினம் அது உண்மையாகவும் இருந்தது, ஒருவர்தான் வந்திருந்தார்.

பயிற்சி நடத்த வந்த வளவாளர் கழுத்துப்பட்டி கட்டிய இளைஞர். ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, “எல்லாரும் வட்டமா இருங்க” என்றார். ஜக்குலின் டீச்சர் கதிரையைக் கொஞ்சம் முன்னே இழுத்தார். வட்டம் வளவாளருக்குத் திருப்தியாக இருந்தது.

“இப்ப மூன்று குழுவாப் பிரிவம்.”

“நான் ஒரு ஆள்தானே தம்பி.”

“தெரியும் மிஸ். ஆனா அறிக்கையில மூன்று குழு எண்டு இருக்கு.”

எனவே ஜக்குலின் டீச்சர் ஜன்னலோரம் போய் முதற்குழுவானார். கதவோரம் போய் இரண்டாம் குழுவானார். தேநீர் மேசையோரம் மூன்றாம் குழுவானார். தலைப்பு, 'நம்மிடையே நிலவும் தப்பெண்ணங்கள்'. முதற்குழு சொன்னதை மூன்றாம் குழு ஏற்கவில்லை. 'ஆரோக்கியமான கருத்துமோதல் இடம்பெற்றது' என்று வளவாளர் குறித்துக்கொண்டார்.

அடுத்த செயற்பாடு, வேறு சமூகத்தவர் ஒருவருடன் ஐந்து நிமிடம் மனந்திறந்து உரையாடுவது. மண்டபத்தில் முப்பத்தொன்பது கதிரைகள் மனந்திறந்து காத்திருந்தன. அந்த நேரம் பிளேன்டீத் தட்டோடு உள்ளே வந்தவர் பாறூக், இர்ஷானாவின் வாப்பா. காத்தான்குடி ஆள். ஹோட்டலில் பரிமாறும் வேலை.

“தம்பி, நான் இவரோட கதைக்கட்டா?”

“இவங்கட நாள் நேற்று மிஸ்,” என்றார் வளவாளர் வருத்தத்தோடு. பிறகு அவருக்குத் தொலைபேசி வந்து வெளியே போனார்.

“டீச்சர், எங்கட புள்ளட யானை தண்ணில போயிட்டாமே?” என்றார் பாறூக், கோப்பையை வைத்தபடி.

“ஓம் பாறூக். நல்ல யானை.”

“அண்டைக்கு ரெண்டு நாள் சோறு தின்னல்ல டீச்சர். இன்னொண்டு கீறு மகள் எண்டன். கீறினா அதுவும் போயிரும் எண்டுறாள். அந்த அறயத் தொறந்து தந்தா என்னவாம் இவங்களுக்கு?”

“அதுக்குத்தான் நானும் இஞ்ச வந்து மூண்டு குழுவாத் திரியிறன்.”

இருவரும் சிரித்தார்கள். ஐந்து நிமிடத்துக்கு மேலாகவே கதைத்தார்கள். மூன்று நாள் செயலமர்விலும் இரு சமூகத்தவர் உரையாடியது அது ஒரு தடவைதான். தேநீர் இடைவேளையில் நடந்தபடியால் அறிக்கையில் ஏறவில்லை.

பகல் நாற்பது சோற்றுப் பார்சல் வந்தது. பின்னேரம் மதிப்பீட்டுப் படிவம் வந்தது. 'உங்கள் அருகில் இருந்தவரிடமிருந்து நீங்கள் கற்றுக்கொண்டது யாது?' என்ற கேள்விக்கு ஜக்குலின் டீச்சர், 'பொறுமை' என்று எழுதினார். அருகில் இருந்தது கதிரை. சான்றிதழ் கிடைத்தது. ஒரு கைதட்டலும் கிடைத்தது. அதைத் தட்டியவர் பாறூக்.

இனி மிச்சம் படம். போட்டித் தலைப்பு, 'ஒற்றுமையாய் வாழ்வோம்'. இர்ஷானாவை மறுபடி கீறவைக்கக் கொஞ்சம் கெஞ்ச வேண்டியிருந்தது. இருந்திருந்து ஒருநாள், பத்து மணிக்கு முன்னமே, ஒரே மூச்சில் கீறிக்கொண்டுவந்து நீட்டினாள்.

படத்தில் இருந்தது அவள் தினமும் வரும் ஓட்டோ. காத்தான்குடியில் புறப்பட்டு, கல்லடியில் ஆள் ஏற்றி, பாலம் கடந்து வருவது. உள்ளே எட்டுப் பிள்ளைகள். வெளியே அடைமழை. எட்டுப் பேரும் தலையில் சொப்பிங் பையைக் கவிழ்த்து மாட்டியிருக்கிறார்கள். ஒருத்தியின் புத்தகப்பை மற்றவளின் மடியில். ஒருவனின் தண்ணீர்ப் போத்தல் இன்னொருவனின் விலாவில். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கால் ஷேனுடையது. அவனும் ஜக்குலின் டீச்சரைப் போலப் பறங்கியர் வீட்டுப் பிள்ளை, பள்ளிக்கூடத்திலேயே அப்படி அவன் ஒருவன்தான். அவன் விழுந்துவிடாமல் நாலு கை அவனுடைய சட்டையைப் பிடித்திருக்கிறது. யாருடைய கை எது என்று கண்டுபிடிக்க முடியாது. ஜக்குலின் டீச்சர் நெடுநேரம் அந்தப் படத்தைப் பார்த்தார். அன்றைக்கே பணிமனைக்குக் கொண்டுபோனார்.

பூபாலபிள்ளை படத்தை நேராகப் பார்த்தார். சரித்தும் பார்த்தார்.

“இதில ஒற்றுமை எங்க மிஸ்?”

“ஒரு ஓட்டோவுக்குள்ள எட்டுப் பேர் சேர். அதுக்கு மேல ஒற்றுமைக்கு இடமில்ல.”

“இதில ஆர் தமிழ்? ஆர் முஸ்லிம்?”

“தெரியாது சேர். மழை பெய்யுது.”

“அதான் பிழை. அடையாளம் தெரியாட்டி, எப்படி மிஸ் வேறுபாடு பார்க்காம இருக்கிற? முதல்ல வேறுபாடு வடிவாத் தெரியவேணும். பிறகுதான் அதைப் பார்க்காம விடலாம்.” அவர் சுவரைக் காட்டினார். “அந்தா, அதுதான் படம்.”

உங்கள் விடுகதையின் விடை அங்கேதான் மாட்டியிருந்தது. நெற்றியில் பொட்டு வைத்த ஒரு பிள்ளை. தொப்பி போட்ட ஒரு பிள்ளை. கழுத்தில் சிலுவை தொங்கும் ஒரு பிள்ளை. கைகோத்து, நேரே பார்த்து, பல் தெரியச் சிரித்தபடி. மேலே ஒரு புறா. அது போன வருடத்துப் பரிசுப் படம். பக்கத்தில் முந்தின வருடத்துப் படம். அதற்குப் பக்கத்தில் அதற்கும் முந்தினது. வருடத்துக்கு வருடம் சட்டம்தான் மாறியிருந்தது. புறாவும் ஒரு தடவை கொஞ்சம் கொழுத்திருந்தது.

“சின்னத் திருத்தம்தான் மிஸ்,” என்றார் பூபாலபிள்ளை ஆதரவாக. “மழையை எடுங்க. தலையில இருக்கிற பையை எடுங்க. ஓட்டோவில எட்டுப் பேரை ஏத்துறது சட்டப்படி குற்றம், ஓட்டோவையும் எடுங்க. மூன்று பேர் இருந்தாக் காணும். அவங்க கையைக் கோத்து எங்களைப் பார்க்கட்டும். மற்றப்படி படம் நல்ல திறம்.”

“அப்ப மிச்சம் என்ன சேர் இருக்கும்?”

“ஒற்றுமை.”

ஸாலிஹாவின் மேசையில் ஒரு சாவி கிடந்தது. துண்டுச்சீட்டு கட்டிய, கொஞ்சம் துருப்பிடித்த சாவி. ஜக்குலின் டீச்சர் அதைக் கண்டதைப் பூபாலபிள்ளையும் கண்டார்.

“வெள்ளிக்கிழமைக்கிடையில திருத்தின படம் வந்தா, அந்த நிமிசமே சாவி உங்கட கையில. நேரசூசியும் அடிச்சாச்சு.” அவர் ஒரு தாளை நீட்டினார். 'ஒற்றுமைச் சித்திர அறை. திங்கள்: தமிழ் மாணவர். செவ்வாய்: முஸ்லிம் மாணவர். புதன்: ஏனையோர்.'

“சேர், என்ட பிள்ளையள் ஒரே வகுப்பில ஒண்டா இருந்து படிக்கிறாங்க!”

“வகுப்பில இருக்கட்டும் மிஸ். ஆர் வேணாமெண்ட? இது ஒற்றுமை அறை. இதுக்குச் சுற்றறிக்கை இருக்கு.”

ஜக்குலின் டீச்சருக்குக் கோபம் வந்தது. படத்தைச் சுருட்டிக்கொண்டு எழும்பி, சொல்லவேண்டிய நாலு வார்த்தையையும் மனதில் அடுக்கினார். அடுக்கும்போது சாவி மறுபடி கண்ணில் பட்டது. பதினெட்டு வருடம். “வெள்ளிக்கிழமை வாறன் சேர்” என்றுதான் வாயில் வந்தது.

வியாழக்கிழமை. சைக்கிள் கொட்டில். மணி பத்தை நெருங்கியது. ஜக்குலின் டீச்சர் இர்ஷானாவைக் கூப்பிட்டு ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். ஓட்டோப் படத்தையும் ஒரு புதிய தாளையும் வாங்குப் பலகையில் வைத்தார்.

“எதை அனுப்புறது எண்டு நீதான் சொல்லவேணும் மகள்.”

“டீச்சருக்கு எது விருப்பம்?”

“நான் ஒண்டும் சொல்லமாட்டன். உன்ட படம், உன்ட விருப்பம்.”

அப்படிச் சொன்னபோது காற்று எழும்பிவிட்டது. டீச்சர் புதிய தாளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஓட்டோப் படத்தின் மேல் ஒரு கல் வைக்க அவருக்கு நினைவு வரவில்லை. இர்ஷானா அதை முழங்கையால் அமத்திக்கொண்டாள்.

“அந்த அறைக்குக் கதவு இரிக்கா டீச்சர்?”

“இருக்கு.”

“அப்ப தாள் பறக்காது.”

“பறக்காது.”

“நான் செவ்வாயா?”

“ஓம்.”

“ஷேன்?”

“புதன்.”

“தனியவா?”

“தனிய.”

இர்ஷானா திரும்பிப் பார்த்தாள். ஷேன் தன்னுடைய தாளைத் துரத்திக்கொண்டு வாவிக்கரைக்கு ஓடிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் ஓட்டோவில் வரும் மற்ற ஆறு பேரும், அவன் தண்ணீரில் விழுந்துவிடாமல் பிடிப்பதற்காக, ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அவள் புதிய தாளை எடுத்தாள். முதலில் ஒரு பொட்டும், ஒரு தொப்பியும், ஒரு சிலுவையும் கீறினாள். முகங்களைப் பிறகு கீறினாள்.