கரையாத நீலம்

‘மார்ச் 4, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். கேட்காமல் இறக்கையைத் துடைத்தேன்.’

அதற்கு மேல் எழுதச் சுபோதினிக்குக் கை வரவில்லை. மேசையில் பாதி நீலமும் பாதி சாம்பலுமாக ஒரு வண்ணத்துப்பூச்சி இறக்கை கிடந்தது. பக்கத்தில் கிடந்த பஞ்சு முழு நீலம்.

கொழும்பு வெள்ளவத்தையில் மாலை விஞ்ஞான வகுப்பு நடத்தும் மர்லியா மிஸ் மூன்று மாதம் அலைந்து, வியாழன் காலை பத்து மணிக்கு எலெக்ட்ரோன் நுணுக்குக்காட்டியில் இறக்கையைப் பெரிதாக்கிப் படமெடுக்க அரை மணி நேரம் வாங்கியிருந்தார். வகுப்பில் இருந்த ஒரே இறக்கை இதுதான். எதையும் ஒழுங்காகச் செய்கிற பிள்ளை என்று நம்பி அதைச் சுபோதினியிடம் கொடுத்திருந்தார். அவளும் ஒழுங்காகத்தான், படத்தில் தூசி விழக்கூடாதென்று, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள்.

மிஸ் படிப்பித்தது அவளுக்கு வரி பிசகாமல் நினைவிருந்தது. அந்த நீலத்தில் சாயம் என்று எதுவும் இல்லை. செதில்களில் உள்ள கண்ணுக்குத் தெரியாத வரம்புகளில் ஒளி பட்டுத் திரும்புவதுதான் நீலமாகத் தெரிகிறது. அது கரையாது.

"கரையாதெண்டா, பஞ்சில இருக்கிறது என்னக்கா?" என்று தங்கை யதுஷா கேட்டாள்.

"நான் துடைச்ச விதம் பிழையா இருக்கும்."

மிஸ் பிழையாகச் சொல்லியிருக்க மாட்டார். வண்ணத்துப்பூச்சியும் பிழை விட்டிருக்காது. மிச்சம் இருப்பது தான் ஒருத்திதான் என்று சுபோதினி முடிவு கட்டினாள்.

ஈரம் காய்ந்தால் நிறம் திரும்புமோ என்று ஹெயார் டிரையரைப் பிடித்தாள். நிறம் திரும்பவில்லை, நுனி அப்பளம்போலச் சுருண்டது. சுருளை நிமிர்த்த அகராதிக்குள் வைத்து, மேலே அரிசி டின்னையும் தூக்கி வைத்தாள். காலையில் திறந்தால் இறக்கையின் ஒரு மூலையும் மிச்ச நீலமும் அகராதியோடு தங்கிவிட்டிருந்தன.

"இனிப் பெயின்ட்தான்," என்றாள் யதுஷா, தேத்தண்ணியை ஊதியபடி. "பேசாமப் போய் வாங்கு."

புதன்கிழமை வேலைக்கு அரைநாள் லீவு போட்டு, காலி வீதிப் புத்தகக்கடையில் ஐந்து விதமான நீலம் வாங்கினாள். ஒவ்வொன்றையும் தாளில் பூசிப் பார்த்து, இலக்கமிட்டு, மூன்றாவதையும் ஐந்தாவதையும் கலந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பூசினாள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வந்தது.

மாலையில் இறக்கையைப் பெட்டியில் வைத்து, வகுப்பின் ஆய்வுகூட உதவியாளர் றேமண்டிடம் கொடுத்தாள். அவர் இறக்கையை ஜன்னலடியில் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். அவர் வாய் திறக்குமுன் சுபோதினி எல்லாவற்றையும் ஒப்புவித்துவிட்டாள். வகுப்பில் பதினொரு பேர் காத்திருந்த அரை மணி நேரத்தைத் தான் பாழாக்கிவிட்டதாகவும், மிஸ்ஸிடம் இப்போதே போய்ச் சொல்லப்போவதாகவும் சொன்னாள்.

றேமண்ட் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"மிஸ்ஸிட்ட ஒண்டும் சொல்லாதையும் பிள்ளை. உம்மட நீலம் நல்லா இருக்கு. இதில நான் போன வருஷம் பூசினது ஒரு துளி ஸ்பிரிட்டுக்கே கழண்டிட்டுது."

‘மார்ச் 5, புதன். நாளை காலை ஆறு மணி: றேமண்ட் அண்ணையோடு விகாரமகாதேவிப் பூங்காவில் செத்த வண்ணத்துப்பூச்சி தேடுவது. பத்து மணிக்குள் கிடைக்க வேண்டும்.’