யாழ்க்காரனின் கழுத்து

யாழ்க்காரன் திரும்பிப் பார்த்தே தீருவான். இதில் யார் பேச்சையும் கேட்பதில்லை என்று பல் துலக்கும்போதே முடிவெடுத்தேன். 'யார்' என்று பொதுவாகச் சொன்னாலும், வீட்டில் என்னைத் தவிர இருப்பது என் மனைவி மட்டும்தான்.

நான் அனிமேஷன் கம்பெனியில் கதை எழுதுகிறவன். கிரேக்கப் புராணக் கதை ஒன்றைக் குடும்பத்தோடு பார்க்கிற படமாக எடுக்கிறோம். ஒரு யாழ்க்காரனின் மனைவி பாம்பு கடித்து இறந்துபோகிறாள். அவன் பாதாளத்துக்கே இறங்கிப் போய் யாழ் வாசிக்கிறான். பாதாள ராஜாவே கண் கலங்கி, "கூட்டிக்கொண்டு போ. அவள் உன் பின்னால் வருவாள். வெளியே போய்ச் சேரும்வரை திரும்பிப் பார்க்காதே" என்கிறான். கடைசிப் படியில் யாழ்க்காரன் திரும்பிவிடுகிறான். அவள் புகையாகக் கரைந்துபோகிறாள்.

முதலாளிக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை.

"பிள்ளைங்க அழுதுகிட்டே வெளிய வந்தா பொம்மையை யாருய்யா வாங்குவா?"

"சார், இந்தக் கதையில திருப்பமே அவன் திரும்புறதுதான்."

அவர் பெருமூச்சு விட்டு, "சரி, அழட்டும்" என்றார்.

படத்தோடு விற்பனைக்கு வரும் பொம்மைகளுக்குக் களிமண்ணில் மாதிரி செய்வது என் மனைவி. ஜன்னலோர மேஜைதான் அவள் பட்டறை. அவள் கை பட்டால் மண் மூக்கும் மூச்சு விடும். அவளிடம் முகம், உடை, உயரம் எல்லாம் சொன்னேன். முடிவை மட்டும் சொல்லவில்லை.

காரணம் இருந்தது. போன வருடம் அவளுக்கு இதயத்தில் ஆபரேஷன். அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போன பிறகு, மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றவன் நான். நல்லபடியாகத் திரும்பி வந்துவிட்டாள். ஆனால் நான் பார்ப்பதை நிறுத்தவில்லை. எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. பைகளோடு முன்னால் ஏறும் நான் அடிக்கடி நின்று, "மூச்சு வாங்குதா?" என்று கேட்பேன்.

"உங்களுக்குப் பதில் சொல்லித்தான் மூச்சு வாங்குது" என்பாள்.

இப்படிப்பட்டவளிடம் பெண்டாட்டி கரைந்துபோகிற கதையை எந்த வாயால் சொல்வது? படம் வந்தபிறகு தெரிந்துகொள்ளட்டும் என்பது என் திட்டம். அந்தத் திட்டத்தை முதலாளி ஒரே போனில் உடைத்தார்.

"ஏங்க, அவன் திரும்பிப் பாக்குறானாமே?" என்றாள், களிமண்ணைப் பிசைந்தபடி.

"அது வந்து... புராணத்துலயே அப்படித்தான்."

"ஏன் திரும்புறான்?"

"அன்பு தாங்கல."

"அன்பா, பயமா?"

நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

"அவ என்ன பேசுறா?"

"அவளுக்கு வசனம் இல்ல."

"செத்துப் பொழச்சு இத்தனை படி ஏறி வர்றா. ஒரு வார்த்தை கூடவா பேச மாட்டா?"

"புராணத்தை மாத்த எனக்கு உரிமை இல்லம்மா."

"சரிங்க" என்றாள்.

என் மனைவி 'சரிங்க' என்றால் விஷயம் முடியவில்லை என்று பொருள். அது தெரிந்தும், ஜெயித்துவிட்டதாக நினைத்து நிம்மதியாகக் காபி குடித்தேன்.

பொம்மைகளைப் பார்வையிட முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். யாழ்க்காரன் அழகென்றால் அப்படி ஓர் அழகு. சுருள்முடி தோள்வரை வழிந்திருந்தது. ஆசையாகத் தலையைத் திருகினேன். அசையவில்லை. இன்னும் அழுத்தித் திருகினேன். என் மணிக்கட்டுதான் சுளுக்கியது.

"கழுத்து திரும்பலையே!"

"முடியும் தோளும் ஒரே வார்ப்பு" என்றாள் என் மனைவி. "தனித் தலைன்னா பிள்ளைங்க கழட்டி வாயில போட்டுக்கும்."

"அச்சும் தயாராயிடுச்சு" என்றார் முதலாளி. "படத்துல திரும்புறான், பொம்மை திரும்பாதுன்னா கடையில சண்டைக்கு வருவாங்க. பேசாம அவன் திரும்பவே வேண்டாம்!"

"சார், அவ பின்னாடி வர்றாளா இல்லையான்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

முதலாளி என் மனைவியைப் பார்த்தார்.

"பேசிக்கிட்டே வரட்டும்" என்றாள் அவள்.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், என் சுளுக்கிய கையை எடுத்து மடியில் வைத்து நீவிவிட்டாள்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து நான் எப்பவோ வெளிய வந்துட்டேங்க" என்றாள். "நீங்கதான் இன்னும் அந்தக் கதவுகிட்டயே நிக்கிறீங்க."

எனக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்தக் காட்சியை மறுபடி எழுதினேன். யாழ்க்காரன் மனைவி பாதாளத்திலிருந்து பேசிக்கொண்டே ஏறுகிறாள். "பாத்து, படி வழுக்கும்." "யாழை இடிக்காதீங்க." "சாப்பிட்டீங்களா? முகமே சரியில்ல." "முகம் உனக்கு எங்க தெரியுது?" என்கிறான் அவன். "முதுகைப் பாத்தாலே தெரியும்" என்கிறாள் அவள். நான் எழுதியதிலேயே கற்பனை குறைந்த காட்சி அதுதான். தியேட்டரில் முதலில் சிரித்தார்கள். இருவரும் வெயிலுக்கு வந்து நின்றபோது ஒரு சத்தம் இல்லை. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். விளக்கு போட்ட பிறகுதான் அது நான் என்று தெரிந்தது.

பொம்மைகளும் விற்றன. ஆனால் அதிகம் விற்றது யாழ்க்காரன் அல்ல, பாதாள வாசலில் காவல் இருக்கும் மூன்று தலை நாய். எதிர்வீட்டுப் பல் டாக்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். நாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி நாயைப் பார்த்துவிட்டு, அவசர வேலை இருப்பதாகச் சொல்லி, அதை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நாயைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மூன்று தலைக்கும் என் மூக்கு.

"என்னம்மா இது?"

"ஒண்ணு தூங்குது. ஒண்ணு குரைக்குது" என்றாள் நிதானமாக.

"இந்த மூணாவது?"

"அதுவா? அது என் மேல வச்ச கண்ணை எடுக்கவே மாட்டேங்குது."

மூன்றாவது தலை ஜன்னலைப் பார்க்கும்படி நாயை அவள் மேஜையில் வைத்தேன்.